கைரேகை எடுங்கள், அப்புறம் அதே தாளைத் திருப்புங்கள்

குடியாத்தம் பக்கம் ஒரு பல் முகாமில் டோக்கன் கொடுக்கிற ஒத்தாசைக்கு நின்றிருந்தேன். ஒரு மேசையில் வாய்ப் பரிசோதனை, பக்கத்து மேசையில் ஒரு பயிற்சி மாணவர் ஆராய்ச்சிக்காக எல்லாருடைய கைரேகையையும் மையில் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார். வாய்ப்புற்றுநோய்க்கும் ரேகைக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று பார்க்கிறோம் என்று சொன்னதும் கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. லுங்கித் தறி நெய்கிற ஒருவர், ஐம்பது வயது இருக்கும், பல வருஷமாகக் கீழுதட்டில் ஹான்ஸ் புகையிலை அதக்குகிறவர், கையை நீட்டி, "என் ரேகை எப்படி கீது தம்பி?" என்று கேட்டார். "நல்லாத்தான் இருக்குங்கய்யா, பயப்படாதீங்க" என்றார் அந்தப் பையன். மனசாரத்தான் சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே, வாய் பார்க்கிற வரிசையில் நிற்காமல், நேராக வீட்டுக்குப் போய்விட்டார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், கூப்பிடவில்லை. நாலு மாதம் கழித்து உதட்டின் உள்பக்கம் கெட்டியான புண்ணோடு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். உதட்டில் பாதியும் தாடை எலும்பில் கொஞ்சமும் எடுக்க வேண்டியதாயிற்று. உயிரோடு இருக்கிறார், ஆனால் சோற்றைக் கரைத்துத்தான் குடிக்கிறார்.

அன்றிலிருந்து யார் என்னிடம் "ரேகையைப் பார்த்து கேன்சர் வருமான்னு சொல்லலாமாமே" என்று கேட்டாலும், வேண்டாம் என்று சொல்வதில்லை. எடுத்துப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், எப்படி எடுப்பது என்றும் சொல்லித்தருகிறேன். ஏனென்றால் கையை நீட்டச் சொன்னால் நம் ஊரில் எல்லாரும் நீட்டுவார்கள், வாயைத் திறக்கச் சொன்னால்தான் வெட்கப்படுவார்கள். கை நீட்டியவரை விடாமல் அடுத்த பத்து நிமிஷத்தில் வாயையும் பார்த்துவிட வேண்டும், அதுதான் இந்த முறை.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆயுள் ரேகை, புத்தி ரேகை என்று ஜோசியர் பார்ப்பது உள்ளங்கையில் மடிப்பு விழுந்த கோடுகள். நாம் பார்க்கப்போவது அது இல்லை. விரல் நுனியிலும் உள்ளங்கையிலும் ஏர் உழுத சால் மாதிரி வரிவரியாக ஓடுகிற மேடுகள், ரேஷன் கடை மெஷின் படிக்கிறதே, அவை. இந்த வரிகளைப் படிக்கிற துறைக்கு ஆங்கிலத்தில் டெர்மட்டோகிளிஃபிக்ஸ் என்று 1926ல் ஹரோல்ட் கம்மின்ஸும் சார்லஸ் மிட்லோவும் பெயர் வைத்தார்கள். வைத்தீஸ்வரன் கோயிலில் நாடி பார்க்க ஆணுக்கு வலது பெருவிரல், பெண்ணுக்கு இடது பெருவிரல் என்று ரேகை எடுப்பார்கள். நமக்கு இரண்டு கையும், பத்து விரலும் வேண்டும்.

மருத்துவர்களுக்கு ஏன் இதில் ஆர்வம் என்றால், இந்த வரிகள் தாயின் வயிற்றில் பத்துப் பதினோராவது வாரம் உருவாகத் தொடங்கி, ஆறாவது மாதத்துக்குள் நிலைத்துவிடும், அதற்கப்புறம் சாகும்வரை மாறாது. அண்ணம் இணைந்து முடிவதும் ஏறக்குறைய அதே காலத்தில்தான், தோலும் வாயின் உட்தோலில் பெரும்பகுதியும் கருவின் ஒரே வெளியடுக்கிலிருந்து வருகின்றன. அப்படியானால் ஒன்றைப் பாதித்த பரம்பரைக் காரணம் இன்னொன்றிலும் தடம் விட்டிருக்குமோ என்பது கேள்வி. கேள்வி நியாயமானது. டவுன் சிண்ட்ரோம் குழந்தைகளுக்கு உள்ளங்கையில் ஒரே குறுக்கு மடிப்பும், வரிகளின் கோணத்தில் தெளிவான மாற்றமும் அடிக்கடி இருப்பதை வெகுகாலமாகவே பார்த்திருக்கிறார்கள். அதனால்தான் பல் கல்லூரிகளில் புற்றுநோய்க்கும் இதைத் தேடுகிறார்கள்.

சரி, வேலைக்கு வருவோம்.

ஒரு ஸ்டாம்ப் பேட், நாலைந்து வெள்ளைத் தாள், பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலும் கோணமானியும், பென்சில், பூதக்கண்ணாடி. பூதக்கண்ணாடி இல்லையென்றால் போன் கேமராவைப் பெரிதாக்கினால் போதும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துணியில் ஒற்றி, ஐந்து நிமிஷம் காயவிடுங்கள். வேலூர் வெயிலில் இதைப் பகலில் செய்யாதீர்கள், அதுவும் கத்திரி நேரத்தில் வியர்வையில் மை ஊறிக் கறுப்புத் திட்டாகத்தான் விழும். விடிகாலையில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து எடுங்கள்.

விரலை மையில் அழுத்தாதீர்கள், தொட்டால் போதும். அப்புறம் தாளில் நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரே ஓட்டமாக, ஒரே திசையில் உருட்ட வேண்டும். முன்னும் பின்னும் உருட்டினால் வரி இரட்டையாகிவிடும். பெருவிரலை உடம்பை நோக்கி உருட்டுங்கள், மற்ற விரல்களை உடம்பை விட்டு வெளியே, அப்படிச் செய்தால் கை முறுக்கிக்கொள்ளாது. எடுக்கப்படுகிறவர் கையைத் தளர விட வேண்டும், அவராக உதவி செய்ய வந்தால்தான் கெட்டுப்போகும். நீங்களே பிடித்து உருட்டுங்கள். ஒவ்வொரு பதிவுக்குக் கீழேயும் எந்தக் கை, எந்த விரல் என்று உடனே எழுதிவிடுங்கள்.

உள்ளங்கையைத் தட்டையாகத் தாளில் வைத்தால் நடுக்குழி பதியாது. அதற்குச் சப்பாத்திக் கட்டையில் தாளைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, மை பூசிய கையை மணிக்கட்டில் தொடங்கி விரல் நுனிவரை அதன்மேல் உருட்டுங்கள். குழியும் சேர்ந்து விழும்.

பீடி சுற்றுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். எங்கள் அம்மா நாற்பது வருஷம் சுற்றியவர். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி, முனையை மடக்கி, அதையே நாளெல்லாம் செய்து பெருவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வரியே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் நாலு தடவை வைத்தாலும் ரேகை விழாது, பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள், அம்மா முந்தானையில் விரலைத் துடைத்துத் துடைத்து வைப்பார். பேர்ணாம்பட்டு, ஆம்பூர் பக்கம் தோல் ஷாப்பில் சுண்ணாம்பிலும் ரசாயனத்திலும் கை வைக்கிறவர்களுக்கும், கட்டட வேலைக்காரர்களுக்கும் இதே கதை. தேய்ந்த ரேகை நோய் இல்லை, உழைப்பு. ராத்திரியில் தேங்காய் எண்ணெய் தடவி, வேலைக்கு நாலு நாள் லீவு கிடைக்கும்போது எடுத்துப் பாருங்கள், ஓரளவு திரும்பி வரும். அப்படியும் விழாவிட்டால் பென்சில் கரியைத் தாளில் நன்றாகத் தேய்த்து, விரலை அதில் புரட்டி, விரல்மேல் செல்லோ டேப்பை ஒட்டி எடுத்து வெள்ளைத் தாளில் ஒட்டுங்கள். மையில் விழாத வரிகூட இதில் பல தடவை தெரியும்.

ரேகை மறைவதற்கும் புற்றுநோய்க்கும் உறுதியான சம்பந்தம் ஒன்று உண்டு, அது எல்லாரும் நினைக்கிற திசையில் இல்லை. கேப்சிடபைன் என்ற புற்றுநோய் மாத்திரை சிலருக்கு உள்ளங்கைத் தோலை உரித்து ரேகையையே அழித்துவிடும். அந்த மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவரை அமெரிக்க விமான நிலையத்தில் ரேகை விழவில்லை என்று மணிக்கணக்கில் நிறுத்தி வைத்ததை 2009ல் ஒரு மருத்துவ இதழில் எழுதியிருந்தார்கள். வீட்டில் யாராவது அந்தச் சிகிச்சையில் இருந்தால், பேங்க், ரேஷன் வேலைகளுக்கு டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இனி வடிவம். நம் வீடுகளில் சின்ன வயதிலேயே விரலைப் பார்த்துச் சங்கு எத்தனை, சக்கரம் எத்தனை என்று எண்ணியிருப்போம், அதேதான். வரிகள் ஒரு பக்கமாக உள்ளே வந்து வளைந்து அதே பக்கமாகத் திரும்பிப் போனால் சங்கு. வட்டமாகவோ சுருளாகவோ சுற்றினால் சக்கரம். ஒரு பக்கம் நுழைந்து நடுவில் மேடாக எழும்பி மறுபக்கம் இறங்கினால் வில். சந்தேகம் வந்தால் முச்சந்தியைத் தேடுங்கள், மூன்று திசையிலிருந்து வரும் வரிகள் ஒரு புள்ளியில் சந்தித்து முக்கோணம் போல நிற்கும் இடம். சாதாரண வில்லில் முச்சந்தி இருக்காது, சங்கில் ஒன்று, சக்கரத்தில் இரண்டு. பொதுவாக மனித விரல்களில் நூற்றுக்கு அறுபது, அறுபத்தைந்து சங்கு, முப்பது, முப்பத்தைந்து சக்கரம், ஐந்து வாக்கில் வில். போலீஸ்காரர்கள் ரேகையை வகைப்படுத்தும் முறை பிரிட்டிஷ் காலத்தில் கல்கத்தாவில்தான் உருவானது, அதில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது, ஆனால் வெளியே தெரிந்தது ஹென்றி என்ற அதிகாரியின் பெயர்தான். இதை எங்கே எழுதக் கிடைத்தாலும் எழுதிவிடுவேன்.

வரி எண்ண வேண்டுமானால் முச்சந்தியிலிருந்து வடிவத்தின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு எத்தனை வரிகளை வெட்டுகிறது என்று எண்ணுங்கள், இரண்டு முனைகளையும் விட்டுவிடுங்கள். சக்கரத்துக்கு இரண்டு எண்ணிக்கை வரும், பெரியதை எடுத்துக்கொள்வார்கள். வில்லுக்குப் பூஜ்யம். பத்து விரலையும் கூட்டினால் மொத்த எண்ணிக்கை.

உள்ளங்கையில் ஒரு கோணம் அளப்பார்கள். ஆள்காட்டி விரலுக்கு அடியில் ஒரு முச்சந்தி, சுண்டுவிரலுக்கு அடியில் ஒன்று, மணிக்கட்டுக்குச் சற்று மேலே நடுவில் ஒன்று. கீழே இருப்பதிலிருந்து மேலே உள்ள இரண்டுக்கும் கோடு போட்டால் கிடைப்பதுதான் அது. பெரியவர்களில் பெரும்பாலோருக்கு நாற்பது, ஐம்பது டிகிரி வாக்கில் இருக்கும். விரலை அகலமாக விரித்து எடுத்தால் அதே கையில் கோணம் கூடிவிடும், அதனால் இரண்டு கையையும் ஒரே மாதிரி வைத்து எடுங்கள். ஒரே கைக்கு மூன்று தடவை எடுத்து அளந்து பாருங்கள், மூன்றும் ஒன்றாக வராது. இந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துவிட்டால், ரேகைக் கணக்கை எவ்வளவு நம்பலாம் என்று உங்களுக்கே புரியும்.

இப்போது எல்லாரும் காத்திருக்கிற இடம். எந்த ரேகை ஆபத்து?

ஆராய்ச்சிகள் எப்படி நடக்கின்றன என்று தெரிந்தால் பதில் தானாக வரும். வாய்ப்புற்றுநோயோ அதற்கு முந்தைய மாற்றங்களோ வந்தவர்கள் ஒரு பக்கம், புகையிலை போட்டும் ஒன்றும் வராதவர்கள் ஒரு பக்கம், பழக்கமே இல்லாதவர்கள் ஒரு பக்கம் என்று பிரித்து ரேகைகளை ஒப்பிடுகிறார்கள். பெரும்பாலும் ஒவ்வொரு பக்கமும் சில பத்துப் பேர்தான். சில ஆய்வுகளில் நோய் வந்தவர்களிடம் சக்கரம் அதிகம் என்று வந்தது, வேறு சிலவற்றில் வில்லும் சங்கும் அதிகம், சக்கரம் குறைவு என்று வந்தது. ஒன்றுக்கொன்று எதிராகவே இருக்கின்றன. ஒரு பேச்சுக்கு, நோயாளிகளுக்குச் சராசரியாக நாலு சக்கரம், மற்றவர்களுக்கு மூன்று என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் நாலு இருக்கிறது. நீங்கள் எந்தக் கூட்டம்? நாலு சக்கரம் உள்ள நல்ல ஆரோக்கியமான ஆள் தெருவுக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கூட்டத்துக்குச் சராசரி சொல்லலாம், தனி ஒருவருக்குச் சொல்ல முடியாது. தவிர, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டைப் பிள்ளைகளுக்குக்கூட ரேகை ஒன்றாக இருப்பதில்லை. மரபணு ஒன்றாக இருந்தும் வரி மாறுகிறது என்றால், வரியைப் பார்த்து மரபணுவைப் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்று யோசியுங்கள்.

ஆகவே உங்கள் தாளில் பத்தும் சக்கரமாக இருந்தாலும் பயப்படாதீர்கள், பத்தும் சங்காக இருந்தாலும் நிம்மதியாகப் புகையிலைப் பாக்கெட்டைப் பிரிக்காதீர்கள். இரண்டாவதுதான் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. பயந்தவர் டாக்டரிடமாவது போவார். யாராவது கைரேகை ஸ்கேன் செய்து கேன்சர் ரிஸ்க் ரிப்போர்ட் தருகிறேன் என்று காசு கேட்டால் கொடுக்காதீர்கள். பிள்ளைகளின் ரேகையைப் பார்த்து எந்தப் படிப்பு வரும் என்று சொல்லும் டிஎம்ஐடி டெஸ்ட்டுக்கும் அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமே சொல்லியிருக்கிறது.

எடுத்த ரேகையை வாட்ஸப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள். ஆதார் மூலம் விரல் வைத்துப் பணம் எடுக்கும் முறையில், ரேகையை நகலெடுத்து ஏமாற்றிய வழக்குகள் நடந்திருக்கின்றன. ஆதார் ஆப்பில் பயோமெட்ரிக்கைப் பூட்டி வைக்கும் வசதி இருக்கிறது, பூட்டிவிடுங்கள். தாளைப் பீரோவில் வையுங்கள்.

இப்போது அந்தத் தாளைத் திருப்புங்கள். பின்பக்கம் காலியாக இருக்கும். அதில் ஒரு திறந்த வாயைப் படமாக வரையுங்கள், அழகாக இருக்க வேண்டாம், உதடு, இரண்டு கன்னம், மேல் அண்ணம், நாக்கு, நாக்கின் அடி என்று தெரிந்தால் போதும். தேதி போடுங்கள்.

பல்செட் இருந்தால் கழற்றி, வாயைக் கொப்பளித்துவிட்டு, ஜன்னலோரம் உட்கார வைத்து போன் டார்ச்சைப் பிடியுங்கள். கை சுத்தமாக இருக்கட்டும். கீழுதட்டைப் பிதுக்கி உட்புறத்தையும் ஈறோடு சேரும் பள்ளத்தையும் பாருங்கள், ஹான்ஸும் கூல் லிப்பும் உட்காரும் இடம் அதுதான். மேலுதட்டிலும் அதேபோல. கன்னத்தை ஸ்பூன் காம்பால் ஒதுக்கிக் கடைவாய்ப் பல்லின் பின்னால் வரை பாருங்கள். எந்தப் பக்கம் வெற்றிலை ஒதுக்குவார் என்று கேட்டு அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பாருங்கள். நாக்கை நீட்டச் சொல்லி, சுத்தமான துணியால் நுனியைப் பிடித்து இரண்டு ஓரங்களையும் பாருங்கள், யாரும் பார்க்காமல் விடுவது அந்த ஓரங்களைத்தான். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடியைப் பாருங்கள். தலையைச் சாய்த்து அண்ணம். கடைசியாகத் தாடைக்குக் கீழும் கழுத்தின் இரண்டு பக்கமும் விரலால் தடவிப் பாருங்கள், நெறி கட்டியது போலக் கெட்டியாக ஏதாவது உருளுகிறதா என்று.

எதைத் தேடுவது? துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு. வெல்வெட் மாதிரி சிவந்த திட்டு, இது வெள்ளையைவிட ஆபத்து. இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண். தடிப்பு, கெட்டியான இடம், காரணமில்லாமல் ஆடும் பல், மரத்துப்போன உதடு. வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள், ஆரம்பத்தில் வலி இல்லாமல்தான் பெரும்பாலும் வரும், அதனால்தான் நம் ஆட்கள் முற்றிய பிறகு போகிறார்கள். அப்புறம், அவருடைய மூன்று விரலையும் ஒன்றின்மேல் ஒன்றாகச் செங்குத்தாக மேல், கீழ் முன்பற்களுக்கு நடுவில் வைக்கச் சொல்லுங்கள். நுழையவில்லை என்றால் பாக்கு போடும் பழக்கம் உண்டா என்று கேளுங்கள். பாக்கு உட்கன்னத்தை நார் நாராக இறுக்கிவிடும், வாய் வருஷா வருஷம் சுருங்கும், பிரியாணிக்கு வைக்கிற கத்திரிக்காய்கூடத் தீயாக எரியும். ஆம்பூரில் கல்யாணத்துக்குப் போய் அதைத் தொடாமல் ஒதுக்கி வைக்கிற ஆளைக் கண்டால் நான் இப்போது விசாரித்துவிடுகிறேன். புகையிலை இல்லாத வெறும் பாக்குதானே என்பார்கள். வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லேயே அறிவித்துவிட்டது. புகையிலையோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து கூட்டல் கணக்காக இல்லாமல் பெருக்கல் கணக்காக ஏறும்.

கண்டதைத் தாளில் உள்ள வாய்ப்படத்தில் அந்தந்த இடத்தில் குறியுங்கள், அளவை அரிசி அளவு, துவரை அளவு என்று எழுதினாலும் போதும். இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்படியே இருந்தால் தாளோடு கிளம்பிவிடுங்கள். வாய் பார்த்தல் என்பது வீட்டு வைத்தியம் இல்லை. திருவனந்தபுரத்தில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் வாயைக் கண்ணால் பார்த்துச் சந்தேகமானவர்களை அனுப்பி வைத்தார்கள், 2005ல் வந்த அதன் முடிவில், புகையிலை அல்லது மதுப் பழக்கம் இருந்தவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது. ரேகைக்கு இப்படி ஒரு முடிவு இதுவரை எங்கும் வரவில்லை.

போக வேண்டிய இடம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், வேலூர்க்காரர்களுக்கு அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வசதியும் நேரமும் இருந்தால் சி.எம்.சி. மருத்துவமனை. முப்பது வயது தாண்டியவர்களுக்கு வாய்ப் பரிசோதனை அரசுத் திட்டத்திலேயே இருக்கிறது, மக்களைத் தேடி மருத்துவம் என்று வீட்டுக்கு வரும் அக்காவிடம் சர்க்கரை, பிரஷரோடு இதையும் கேளுங்கள். சின்னதாகச் சதை எடுத்து டெஸ்ட் செய்யலாம் என்று சொன்னால் ஒப்புக்கொள்ளுங்கள், கத்தி பட்டால் பரவும் என்று ஊரில் சொல்வது உண்மை இல்லை. புகையிலையை விட உதவி வேண்டுமானால் 1800-11-2356, இலவச எண்.

அம்மாவின் தாளில் முன்பக்கம் எட்டு விரல்தான் விழுந்திருக்கிறது, அதில் ஐந்து சக்கரம். அதைப் பார்த்து அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். பின்பக்கம் இடது கன்னத்தில் துவரை அளவு வெள்ளைத் திட்டு என்று குறித்திருக்கிறேன், நாற்பது வருஷம் வெற்றிலை ஒதுக்கிய பக்கம். டெஸ்ட் செய்து இப்போதைக்கு கேன்சர் இல்லை என்றார்கள், வெற்றிலையும் புகையிலையும் நிறுத்தச் சொன்னார்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரச் சொன்னார்கள். அம்மா நிறுத்திவிட்டார். அந்தத் தாளில் இப்போது நாலு தேதி இருக்கிறது, நாலாவது தேதிக்குப் பக்கத்தில் மிளகு அளவு என்று எழுதியிருக்கிறேன்.